பின் ஜன்னலில் சொன்னது

தவமணிக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே அவள் செய்வது வேலைதானா என்ற கேள்வி பதினோரு வருஷம் யாருக்கும் எழவில்லை. எழுந்தபோது அதைக் கிளப்பியவர்கள் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள்.

பினாங்கு சூலியா தெருவில் டாக்டர் தியாகராஜாவின் டிஸ்பென்சரி இருந்தது. முன்பக்கம் பெயர்ப்பலகை, நோயாளிகள் உட்காரும் பெஞ்சு, டாக்டரின் அறை. நடுவில் மருந்து கலக்கும் அறை. பின்பக்கம் இரண்டு சின்ன அறைகளும் சமையலுக்கு ஒரு குசினியும். அங்கேதான் கம்பவுண்டர் நாகநாதனும் மனைவி தவமணியும் மகள் சற்குணமும் குடியிருந்தார்கள். வாடகை இல்லை. நாகநாதனை யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் போட்டு வரவழைத்து வேலை பழக்கியவர் டாக்டர்தான். சற்குணம் பிறந்த அன்று விடிய விடியக் கூட இருந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவரும் அவர்தான். அந்த வீட்டில் டாக்டரைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகவே இறங்கும்.

குசினிக்குச் சந்துப் பக்கமாக ஒரு ஜன்னல் இருந்தது. ஒரே மருந்தை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் டாக்டரைப் பார்க்கத் தேவையில்லை. காலையில் காலிப் போத்தலைப் பின் ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போனால் மாலை நான்கு மணிக்கு முன்பக்கத்தில் நிரப்பி வாங்கிக்கொள்ளலாம். இந்த வழக்கத்தை யாரும் உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்தவில்லை. முன்கதவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்கே கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் போத்தலையும் கையில் கொண்டு வந்தார்கள். ஜன்னலில் தவமணி நின்றாள். அவ்வளவுதான்.

போத்தலை வாங்கியதும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டை நனைத்து உரித்தெடுப்பாள். உள்ளே ஒரு பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கி அழுக்கெடுப்பாள். போத்தலைக் கவிழ்த்து வைத்து, அதன் காலடியில் அதன் சீட்டை வைப்பாள். நாகநாதன் வந்து சீட்டில் உள்ள இலக்கத்தைப் பெரிய புத்தகத்தில் பார்த்து மருந்து கலப்பார். பிறகு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதம் ஒட்ட வேண்டும். நீளக் காகிதத்தை மடித்து ஓரத்தில் கத்தரியால் வெட்டி விரித்தால் ஏணிப்படி மாதிரி வரும். ஒரு படிக்கு ஒரு வேளை. அதையும் தவமணிதான் வெட்டிக் கஞ்சிப்பசையில் ஒட்டினாள். நாகநாதன் வெட்டினால் ஒரு படி குட்டையாகவும் அடுத்தது நெட்டையாகவும் வரும்.

வட்டிக்கடையும் தங்குமிடமும் ஒன்றான பினாங்குத் தெருச் செட்டியார் கிட்டங்கிகளிலிருந்து வரும் போத்தல்களில் ஆள் பெயர் இருக்காது. பெயர் என்ன என்று கேட்டால் கடையின் விலாசத்தைச் சொல்வார்கள்: வீ.தே.பெ. என்றோ வேறு மூன்று எழுத்தோ. கடிதம் வருவதும் அந்த எழுத்துக்குத்தான், கோயில் பூசைக்குக் கொடுப்பதும் அந்த எழுத்தின் பேரில்தான். கடையை நடத்த ஊரிலிருந்து வரும் ஏஜண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். வருகிறவர் போகிறவரின் பெட்டி, சாவி, பாய் விரிக்கும் இடம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார். ஆள் போய் ஆள் வந்தாலும் விலாசம் அங்கேயே இருக்கும். டாக்டர் ஆரம்பத்தில் ஆள் பெயரையும் எழுதிப் பார்த்தார். ஒரு கிட்டங்கியில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்ததைக் கண்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார். புத்தகத்தில் விலாசமே நோயாளி ஆயிற்று.

வீ.தே.பெ. கடையின் ஏஜண்டு காசிவிஸ்வநாதனுக்கு முழங்கை, முழங்கால் எல்லாம் செதில் படை. டாக்டர் அவருக்குப் பாஷாணம் சேர்ந்த மருந்து எழுதினார். பாஷாணம் என்றால் ஆளைக் கொல்கிற அதே சரக்குதான். சொட்டுக் கணக்கில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டினால் சிலருக்குப் படை அடங்கும். ஒன்றரை வருஷத்தில் காசிவிஸ்வநாதனின் அளவு, பழகாதவன் குடித்தால் தாங்காத இடத்துக்கு வந்திருந்தது. அவர் உடம்பு தாங்கியது. படை உதிர்ந்தது. அவர் டாக்டருக்கு ஒரு வெள்ளி விபூதிச் சிமிழ் பரிசாகக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வீ.தே.பெ. கடைச் சமையல்காரர் திருநாவுக்கரசு ஜன்னலில் போத்தலை வைத்தார். ஐம்பது வயது, ஓயாத வாய். தவமணிக்கு அவருடைய பேச்சு பிடிக்கும். சந்துக்கு அந்தப் பக்கத்து உலகம் அவர் வாய்வழியாகத்தான் அவளுக்கு வந்தது.

"அம்மா, சேதி கேட்டீகளா? எங்க பெரியவரு மூணு வருசக் கணக்கு முடிஞ்சு ஊருக்குக் கப்பலேறிட்டாக. புது ஏஜண்டு வந்திருக்காரு. முத்துவீரப்பன்னு பேரு. மீசையே இன்னும் நிதானத்துக்கு வரல. வந்த அன்னிக்கே என் குழம்புல உப்பு கூடன்னுட்டாரு."

"கூடினதைக் கூட எண்டுதானே சொல்லுவினம்?"

"இருபத்தஞ்சு வருசமா இந்த உப்பைத் தின்னவுக யாரும் சொல்லலையே! அது கெடக்கட்டும். அவருக்கும் கையில அரிப்பு. பெரியவரு மருந்தை அவர்கிட்ட குடுத்து, விடாம மூணு வேளை குடின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவரும் வேதவாக்கா குடிக்கிறாரு. போத்தலு காலி. அதே மருந்துதான் வேணுமாம், புது ஏஜண்டுக்குன்னு சொல்லிருங்க."

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. சற்குணம் ஒரு சடை பின்னியும் மறுசடை பின்னாமலும் நின்றாள்.

"ஓம் ஓம், வைச்சிட்டுப் போங்கோ" என்றாள் தவமணி.

சீட்டை உரித்தாள், போத்தலைக் கழுவினாள், வரிசையில் வைத்தாள். மத்தியானம் நாகநாதன் சாப்பிட உட்கார்ந்தபோது புது ஏஜண்டு உப்பைக் கண்டுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவர் தலைவலி என்றார். கதை அப்படியே போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் அந்தப் போத்தல் பத்துப் பன்னிரண்டு தடவை ஜன்னலுக்கு வந்து போனது.

முத்துவீரப்பன் கிட்டங்கி மாடிப்படியில் விழுந்த செய்தி கார்த்திகை மாதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த வேறொரு டாக்டர் அவருடைய நகங்களைத் தூக்கிப் பார்த்தார். குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கிடந்தன. காலில் ஊசி குத்தினால் தெரியவில்லை. விரலில் பேனா நிற்கவில்லை. என்ன குடித்தாய் என்று கேட்டு, போத்தலை வரவழைத்துச் சோதித்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் விரலும் காலும் பழைய நிலைக்கு வருமா என்பது சொல்வதற்கில்லை என்றார்கள். அவருக்கு வயது இருபத்தாறு. ஊரில் பொன்னம்மை என்று மனைவி, ஒரு கைக்குழந்தை. கையெழுத்துப் போட முடியாத ஏஜண்டை எந்தக் கடையும் மறுபடி கப்பலேற்றாது.

முத்துவீரப்பனின் வக்கீல் நோட்டீசு வந்த அன்று டாக்டர் தியாகராஜா அதை மருந்தறையில் வைத்து உரக்கப் படித்தார். தவமணி குசினியில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்தது பலகைச் சுவர்தான்.

"ஆள் மாறினதைக் கடைச் சமையல்காரன் டிஸ்பென்சரிக்கு அறிவிச்சதாம். அறிஞ்சும் பழைய ஆளின்ர மருந்தைக் குடுத்தமாம். ஆருக்கு அறிவிச்சவன்? நாகநாதன், உமக்கு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை டொக்டர். சத்தியமா ஒருத்தரும் சொல்லேல்லை."

"எனக்கும் சொல்லேல்லை. அப்ப அந்தச் சமையல்காரன் பொய் சொல்லுறான். ஒருத்தன்ர மருந்தை இன்னொருத்தன் எடுத்துக் குடிச்சிட்டு எங்களிலை பழி போடுறான்கள். இதிலை தோத்தால் டிஸ்பென்சரியைப் பூட்டவேண்டியதுதான்."

தவமணியின் கத்தரி நின்றது. வெட்டின காகிதத்தை விரித்துப் பார்த்தாள். படிகள் கோணலாக இருந்தன. அவள் வெட்டி அப்படி வந்ததே இல்லை.

சந்துக்கு எதிர்வீட்டுச் சபூரா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்பவள். ஜன்னலுக்கு ஜன்னல் பேசுவது அவர்கள் பழக்கம். மறுநாள் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்தக் கிட்டங்கிச் சமையக்காரரு இருக்காரே, வாயாடி, அவரு கோர்ட்டுல பொய் சாட்சி சொல்லப்போறாராம். பாசார்ல பேசிக்கிறாங்க. பொய் சொன்னா ஜெயில்லா!"

"ஆர் சொன்னது பொய் எண்டு?"

"எல்லாரும்தான். டாக்டரு பொய் சொல்வாரா? ஒங்க ஊட்டுக்காரரு சொல்வாரா? மிச்சம் யாரு இருக்கா?"

தவமணி ஜன்னலைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாகநாதன் சின்னத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோதுமை மணி அளவுப் படிக்கற்களை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பார். அந்த நேரத்தில் அவரோடு யாரும் பேசக் கூடாது. தவமணி பேசினாள்.

"இஞ்சாருங்கோ. அந்த மனுசன் பொய் சொல்லேல்லை. சொன்னவர்."

"ஆருக்கு?"

"எனக்கு. ஜன்னலடியிலை. புது ஆள் வந்திட்டார், அவருக்கும் இதே மருந்து எண்டு. நான் ஓம் எண்டனான். பிறகு மறந்திட்டன்."

இடுக்கியில் இருந்த படிக்கல் கீழே விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை.

"நீர் எனக்குச் சொல்லியிருந்தால் இப்பிடி வந்திருக்குமோ?" என்றார். "ஒரு வார்த்தை! உப்பு, புளி, சபூரான்ர சண்டை எல்லாம் சொல்லுறீர். இதைச் சொல்லேல்லையே!"

"அதுதான் பிழை. அதைத்தான் சொல்லுறன்."

"இனிச் சொல்லவேண்டாம். வாயைத் திறக்கவேண்டாம். உமக்கு விளங்குதோ? வேலை போனால் நாளைக்கு இந்தக் கூரை இல்லை. சற்குணத்தின்ர கொன்வென்ட் படிப்பு இல்லை."

அவளுக்கு விளங்கியது. அதோடு இன்னொன்றும் விளங்கியது: தான் பேசாமல் இருந்தால், கை போன ஒருவனுக்கு எதுவும் கிடைக்காது, உண்மை சொன்ன ஒருவன் பொய்யன் ஆவான். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அடுப்பு ஊத முடியுமா? ஊதினாள். மூன்று வாரம் சமைத்தாள், போத்தல் கழுவினாள். நாகநாதன் நாளுக்கு ஒரு தடவையாவது "சொல்லியிருந்தால்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போனார்.

திருநாவுக்கரசு போத்தல் இல்லாமல் ஜன்னலுக்கு வந்தது ஒரே ஒரு நாள்தான்.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னேனுல்ல?"

தவமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல, எனக்கே சந்தேகமா இருக்கு. எல்லாரும் நீ சொல்லலை, சொல்லலைங்கிறாக. தம்பி முத்துவீரப்பனே கேட்டுட்டாரு, 'நெசமாச் சொன்னீரா, இல்ல இப்ப பயந்துக்கிட்டுச் சொல்றீரா'ன்னு. அவருக்கு நான்தான் சோறு ஊட்டுறேன். கரண்டியும் கையுமா இருக்கறப்ப அப்படிக் கேட்டா எப்படி இருக்கும்? நீங்க சொல்லுங்க. சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்கள்" என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சரி. எனக்குக் கிறுக்குப் பிடிக்கல. வக்கீல் யார்கிட்ட சொன்னேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. பொம்பளையைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம்னுதான் இத்தனை நாளு மழுப்புனேன். இனி சொல்லிருவேன். மன்னிச்சுக்கங்க."

ஒரு வாரத்தில் சம்மன் வந்தது. அவள் பெயரை அச்சுக் காகிதத்தில் எழுதி வந்த முதல் கடிதம் அதுதான்.

அன்று மாலை டாக்டரே குடித்தனப் பக்கம் வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் குசினி வரை வந்தது சற்குணம் பிறந்த நாளில் மட்டும்தான். நாகநாதன் கதிரையைத் துடைத்துப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை.

"பிள்ளை, நான் உம்மைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. தினம் முப்பது போத்தல் வருது, முப்பது பேர் முப்பது கதை சொல்லுறான்கள். எல்லாம் ஞாபகம் இருக்குமோ? ஞாபகம் இல்லை எண்டு சொன்னால் அது பொய்யுமில்லை. ஒருத்தருக்கும் நட்டமுமில்லை."

"அந்தச் செட்டியாருக்கு?" என்றாள் தவமணி.

டாக்டரின் முகம் சிவந்தது. கோபம் என்று நாகநாதன் நினைத்தார். தவமணிக்கு அப்படித் தெரியவில்லை.

"அந்தப் பொடியனை நான் போய்ப் பார்த்தனான்" என்றார் டாக்டர். "விரலைப் பிடிச்சுப் பார்த்தனான். எனக்கு மட்டும் நித்திரை வருதெண்டு நினைக்கிறீரோ?" கதவு வரை போய்த் திரும்பினார். "ஆனால் அவன் ஒருத்தனுக்காக இந்த இடத்தைப் பூட்டினால், நாளைக்கு இந்தத் தெருவிலை இருக்கிற கூலிக்காரன் ஆரிட்டைப் போவான்? அதையும் யோசியும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளைப் படுத்தியது.

வழக்கு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் நாகநாதன் கூண்டில் ஏறினார். ஆள் மாறியது தெரியாது என்றார். தெரிந்திருந்தால் அந்த மருந்தைக் கொடுத்தே இருக்க மாட்டேன், டாக்டரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். உங்கள் மனைவிக்கு டிஸ்பென்சரியில் என்ன வேலை என்று செட்டியாரின் வக்கீல் கேட்டார்.

"ஒரு வேலையும் இல்லை. வீட்டிலை இருக்கிறவ. போத்தல் கழுவுறது வீட்டுவேலை மாதிரி."

தவமணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்ததைத் திருநாவுக்கரசுதான் வந்து சொன்னார். 'வீட்டுவேலை மாதிரி' என்பதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் முறை. வெள்ளைக்கார நீதிபதிக்கும் அவளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் நின்றார், தஞ்சாவூர்க்காரர். 'ஆமாம்' என்பதற்கு அவள் எப்போதும் 'ஓம்' என்றது அவரைக் கொஞ்சம் திகைக்க வைத்தது. முதலிரண்டு தடவை அவளையே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார்.

முன்வரிசையில் முத்துவீரப்பன் இருந்தார். தவமணி அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தித் தூக்கினார். பாதி வேட்டியில் கொட்டியது. மீசை திருநாவுக்கரசு சொன்ன மாதிரிதான், இன்னும் நிதானத்துக்கு வரவில்லை.

திருநாவுக்கரசு என்ன சொன்னார் என்று கேட்டார்கள். உப்பு முதல் அரிப்பு வரை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கணவருக்கோ டாக்டருக்கோ சொன்னாயா? இல்லை. ஏன்? மறந்துபோனேன்.

டாக்டரின் வக்கீல் எழுந்தார். அவர் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. வேறு வழியில் வந்தார்.

"உனக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை."

"உன்னை இந்த வேலைக்கு வைத்தது யார்?"

"ஒருத்தரும் வைக்கேல்லை."

"அப்படியானால் சமையல்காரர் ஒரு வீட்டுப் பெண்ணிடம் ஊர்க்கதை பேசியிருக்கிறார். அது டிஸ்பென்சரிக்குச் சொன்னதாகுமா?"

தவமணி யோசித்தாள். 'ஆகாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையும் சொன்னதாகும், கூரையும் தப்பும். டாக்டரின் வக்கீல் அவளுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கணவர் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆறு அவுன்ஸ் போத்தலுக்குப் பன்னிரண்டு படி வெட்டவேணும்" என்றாள். "எட்டு அவுன்சுக்குப் பதினாறு. பாஷாண மருந்துக்குச் சிவப்புக் காகிதம். காலமை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி மட்டும் அந்த டிஸ்பென்சரியிலை போத்தல் வாங்க என்னைத் தவிர வேறை ஆளில்லை. என்னட்டைச் சொல்லாமல் அந்த மனுசன் ஆரிட்டைச் சொல்லுறது? சுவருக்கோ?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் நீதிபதி சாட்சியமாக மேசையில் இருந்த முத்துவீரப்பனின் போத்தலைக் காட்டி ஏதோ சொன்னார். குமாஸ்தா ஒரு காகிதமும் கத்தரியும் கொண்டுவந்து கொடுத்தார். இந்தப் போத்தலுக்கு வெட்டிக் காட்டு என்றார்கள். அவள் போத்தலை ஒருமுறை பார்த்தாள். காகிதத்தை மடித்தாள், திருப்பி மடித்தாள், ஓரத்தில் வெட்டி விரித்தாள். நீதிபதி அதை வாங்கிப் போத்தலில் ஏற்கனவே ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். படிக்குப் படி பொருந்தியது.

"அப்படியானால் இந்தத் தவறு உன்னுடையது" என்றார் டாக்டரின் வக்கீல்.

"ஓம்" என்றாள். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்ப்பு பத்து நாள் கழித்து வந்தது. ஒரு டிஸ்பென்சரி தன் வாசலில் யாரை நிற்க வைத்து மருந்துப் போத்தல் வாங்குகிறதோ, அந்த ஆளிடம் சொன்னது டிஸ்பென்சரியிடம் சொன்னதுதான். சம்பளம் கொடுக்காதது டாக்டரின் சௌகரியமே தவிர நோயாளியின் குற்றமல்ல என்றார் நீதிபதி. விலாசத்தின் பேரில் விஷ மருந்து கொடுக்கும் வழக்கத்தையும் கண்டித்தார். டாக்டர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ந்தது. கம்பவுண்டர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தது.

கோர்ட்டு வாசலில் முத்துவீரப்பனை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திருநாவுக்கரசு ஓடி வந்து தவமணியை அழைத்துப் போனார்.

"நீங்க வந்து சொன்னதாலதான் கிடைச்சுது. என் பெண்டாட்டி பிள்ளை சாப்பிடும்" என்றார் முத்துவீரப்பன். கும்பிடக் கைகளைச் சேர்த்தார். விரல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நின்றன. அதையே பார்த்தபடி, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

ரிக்‌ஷா போய்விட்டது.

டாக்டர் டிஸ்பென்சரியைப் பூட்டவில்லை. முன்னால் இருந்த பாதியை ஒரு துணிக்கடைக்கு விட்டுவிட்டு, மிச்சப் பாதியில் தொடர்ந்து நடத்தினார். பின் ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். நாகநாதனை அவர் திட்டவில்லை. மாத முடிவோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரஸ்ஸர் வேலை கிடைத்தது. தகரக் கூரை வீடு, பாதிச் சம்பளம். பக்கத்தில் கொன்வென்ட் கிடையாது.

சபூரா வழியனுப்ப வந்து வாழையிலையில் கட்டிய சோறு கொடுத்தாள். "ஒங்களுக்கு என்ன வந்துச்சுக்கா, தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா" என்று அழுதாள். நாகநாதன் அதைக் கேட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்.

அக்கரையில் உள்ள பிறைத் துறைக்குப் போகும் படகில் சற்குணம் கம்பியோரமாகப் போய் நின்றுகொண்டாள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து நாகநாதன் மனைவியோடு பேசியது இருபது வார்த்தை இருக்கும். 'சொல்லியிருந்தால்' என்பதையும் நிறுத்தியிருந்தார். தவமணி அதற்கும் பழகிவிட்டாள். தவறு தன்னுடையது, அதற்கு இது விலை என்று மனதில் முடித்து வைத்திருந்தாள். அந்த முடிவில் ஒருவித நிம்மதிகூட இருந்தது.

படகு பாதித் தூரம் போயிருக்கும்.

"இஞ்சாரும்" என்றார் நாகநாதன், கடலைப் பார்த்துக்கொண்டே. "அண்டைக்கு நீர் எனக்குச் சொல்லியிருந்தால், நான் நிப்பாட்டியிருப்பன் எண்டு நினைக்கிறீரோ?"

"நிப்பாட்டியிருப்பியள்தானே? நீங்கள்தானே கோர்ட்டிலை..."

"நானும் யோசிச்சுப் பார்த்தன். சீட்டிலை விலாசம் சரி. இலக்கம் சரி. புத்தகத்திலை இருக்கு. முப்பது போத்தல் வரிசையிலை நிக்குது. புது ஆள் எண்டு நீர் சொல்லியிருப்பீர். நான் ஓம் எண்டிருப்பன். கலந்து குடுத்திருப்பன்." கைக்குட்டையை எடுத்தார், எதையும் துடைக்காமல் மடித்து வைத்தார். "முந்தி ரெண்டு கடையிலை ஆள் மாறினது எனக்குத் தெரியும். அவங்களுக்கும் பழைய மருந்தைத்தான் குடுத்தனான். சாதாரணப் பேதி மருந்து, அதாலை ஒண்டும் வரேல்லை."

தவமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த முகம்தான்.

"இதை அங்கை சொல்லியிருக்கவேணும்" என்றாள்.

"சொல்லியிருந்தால் என்ரை சேட்டிபிக்கட் போயிருக்கும்."

"ஓம். போயிருக்கும்."

அவள் எழுந்து மகளிடம் போனாள். காற்றில் சற்குணத்தின் சடை அவிழ்ந்து பறந்தது. அதைப் பிடித்து மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். முதல் பின்னல் சரியாக வரவில்லை, அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். பிறைத் துறையில் படகு முட்டி நின்றபோது நாகநாதன் மூட்டைகளோடு பக்கத்தில் வந்து நின்று, "போவமோ?" என்றார்.

"இதை முடிச்சிட்டு வாறன், நீங்கள் இறங்குங்கோ" என்றாள்.